உபயம் மாமனார்

பிரபு,

"நீ போய் அவளக் கூட்டிக்கினு வாம்மா, நீ சொன்னா கேப்பா" என்று போனில் சொன்னாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் அறிவியல் பாடம் எழுதிய கை. எழுதினால்தான் எனக்கும் வரிசையாக வருகிறது. உனக்கு எழுதுவதை வேறு யாராவது படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. மாமனார் கொடுத்த கார் நிற்கும் வாசல் இந்த ஊரில் நம்முடையது மட்டும் இல்லை.

உன் சித்தியிடம், "ஒரு கார் செட்டு சத்தத்துக்குப் போயி கோவிச்சிக்கினு அப்பன் வூட்டுக்குப் போயிட்டா" என்று சொன்னாயாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் ஒரு வகையில் நீ சொன்னது சரி. வாணி போனது அந்தச் சத்தத்தால்தான். ஆனால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று நீ ஒரு நாளும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உன் கல்யாணத்துக்கு வாணியின் அப்பா கார் கொடுத்தார். நான் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மண்டபத்து வாசலில் ரிப்பன் கட்டி நின்றபோது நானும்தான் சந்தோஷமாகப் பார்த்தேன். அனுமந்தைப் பக்கத்தில் சின்ன வீடும் மரக்காணத்தில் கொஞ்சம் உப்புப் பாத்தியும் வைத்திருக்கிற மனிதர், மகள் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது என்று அவள் பெயரிலேயே ஆர்.சி. எழுதிக் கொடுத்தார். நீ சென்னையில் வேலை, வாரக் கடைசியில் வருகிறாய், அங்கே நிறுத்த இடமில்லை என்று கார் நம் வீட்டிலேயே நின்றது. வாணிதான் ஓட்டினாள். என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள், பாண்டிக்குக் கூட்டிப் போனாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் காரோடு கம்பெனி கொடுத்த பாட்டு செட்டு உனக்குப் போதவில்லை. ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கி வந்தாய். குயிலாப்பாளையத்தில் உன் நண்பன் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நீங்கள் இரண்டு பேருமே அதை டிக்கியில் மாட்டினீர்கள். கடையில் கொடுத்தால் காசு பிடுங்குவான், நமக்குத் தெரியாதா என்றாய். வீடு வந்ததும் என்னை உள்ளே உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாய். கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. "எப்புடிம்மா நம்ம வண்டி?" என்றாய். அந்த "நம்ம வண்டி"யை ஞாபகம் வைத்துக்கொள்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. கொசு காதுக்குள் புகுந்தது போல மெல்லிசாக ஒரு ஙீ. வண்டி வேகம் எடுத்தால் அதுவும் மேலே ஏறும். வேகம் குறைந்தால் கூடவே இறங்கும். பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்கும். அன்றிலிருந்து அது நம்ம வண்டியாக இல்லை. "உங்கப்பா குடுத்த வண்டி" ஆகிவிட்டது. என் வகுப்பில் பிள்ளைகள் பேசுவது எனக்கு நினைவு வந்தது. நல்ல மார்க் வந்தால் "தொண்ணூறு வாங்கினேன்" என்பார்கள். குறைந்தால் "டீச்சர் முப்பதுதான் போட்டாங்க" என்பார்கள். வாங்கினது அவன், போட்டது நான். எட்டாம் வகுப்புப் பிள்ளை அப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஆரோவில் பக்கத்தில் உன் பெரியப்பா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனோமே, அன்றுதான் அந்த வேடிக்கையை ஆரம்பித்தாய். பின் சீட்டில் நானும் வாணியும் உன் சித்தியும். நீ ஆக்சிலேட்டரை மிதித்தாய், ஙீ என்று ஏறியது. "இது இன்னாடா சத்தம்?" என்று சித்தி கேட்டாள். நீ கோயில் மைக்கில் பேசுகிற குரலில், "உபயம்... மாமனார்!" என்றாய்.

எல்லோரும் சிரித்தோம். நல்ல வேடிக்கைதான். கோயில் ட்யூப் லைட்டில் வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் உபயம் என்று கொடுத்தவர் பெயரைச் சிவப்பு பெயின்டில் எழுதி வைத்திருப்பார்களே, அது போல. வாணியும் சிரித்தாள். "ஏங்க, எங்கப்பா ஆம்ப்ளிஃபயர் குடுக்கலியே, வண்டிதானே குடுத்தாரு" என்றாள். நீ காதில் வாங்கவில்லை. மறுபடியும் மிதித்தாய், மறுபடியும் "உபயம் மாமனார்!" திரும்பி வரும்போதும் சொன்னாய். அடுத்த வாரமும் சொன்னாய். உன் நண்பர்கள் ஏறினால் அவர்களிடம் சொன்னாய். ஒரு நாள் உன் மாமனாரே முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, அவரைப் பார்க்காமல், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னாய். அவரும் சிரித்தார். எதற்கு என்று தெரியாமல் சிரிப்பவரின் சிரிப்பு அது. தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? காரை விற்ற ஷோரூமுக்குப் போய், பாத்தியில் நின்ற அதே வேட்டியோடு, "எம் பொண்ணுக்கு ஏம்பா சத்தம் போடற வண்டியக் குடுத்தீங்க?" என்று சண்டை போட்டார். வெளியில் மாட்டின சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து, "அம்மா, கம்பெனிக்காரன் என்ன ஏமாத்திட்டாம்மா. வேற செட்டு வாங்கிக் குடுத்துடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். வாங்கிய பொருள் நன்றாக இல்லையே என்று எனக்கும் கோபம் வந்திருக்கிறது. கொடுத்த பொருள் நன்றாக இல்லை என்று ஒருவர் இப்படிக் குன்றிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

மெயின் ரோட்டில் செட்டு மாட்டுகிற கடைக்காரனிடம் வாணி காரை எடுத்துப் போனாள். முதல் தடவை "செட்டு போச்சு" என்றான். இரண்டாம் தடவை "ஒரு ஃபில்டர் போட்டா நின்னுடும்" என்றான். போட்டான், நிற்கவில்லை. மூன்றாம் தடவை "இந்த மாடலே இப்பிடித்தாம்மா" என்றான். நீயோ சத்தம் வந்தால் பாட்டை இன்னும் கூட்டி வைத்தாய். சத்தத்தை அதிகச் சத்தத்தால் மூடுவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

போன புதன்கிழமை காலையில் நான் வாணியிடம், "வாம்மா, நாமளே பாத்துடலாம்" என்றேன்.

"நாமளா? ஷாக் அடிக்காதா அத்தை?"

"பாஞ்சி அடிக்கற அளவுக்குக் கார் பேட்டரில வோல்ட்டு இல்ல. ஆனா ஒயரக் கழட்டும்போது நெகட்டிவ மொதல்ல கழட்டிடணும். இல்லன்னா தீப்பொறி வரும்."

"அப்ப மோதிரத்தக் கழட்டி வெச்சிடறேன்" என்றாள். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தோன்றியது. என் வகுப்பில் இருந்திருந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன்.

எப்படிக் கண்டுபிடித்தோம் என்று உனக்குச் சொல்ல வேண்டும். கார் உனக்கு இனி வேண்டியிருக்காது; முறை வேண்டியிருக்கும். முதலில் இன்ஜினைப் போடாமல் செட்டை மட்டும் போட்டோம். சத்தம் இல்லை. இன்ஜினைப் போட்டதும் வந்தது. ஆகவே அது பாட்டில் இல்லை, ரேடியோவில் இல்லை. இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரிடமிருந்து கிளம்புகிறது. அதனால்தான் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கியது. ஆல்டர்னேட்டர் மேல் குற்றம் இல்லை, எல்லா வண்டியிலும் அது அப்படித்தான் முனகும். அதைப் பாட்டுக்குள் விட்டது யார் என்பதுதான் கேள்வி. அடுத்து செட்டில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தோம். பாட்டு நின்றது, ஙீ நிற்கவில்லை. அப்படியானால் அது செட்டைத் தாண்டிய பிறகு உள்ளே நுழைகிறது. இந்த இடத்தில் வாணி நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அது எங்கப்பா குடுத்ததுல இல்ல அத்தை" என்றாள். "அவசரப்படாத, இன்னும் முடியல" என்றேன். எனக்கும் புரிந்துவிட்டது, ஆனாலும் பாதிக் கணக்கில் விடை சொல்லக் கூடாது.

டிக்கியைத் திறந்து, செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஒயரைப் பிடுங்கினோம். சத்தம் அடங்கிவிட்டது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நல்லவைதான். சத்தம் அந்த ஒயர் வழியாக வருகிறது. வகுப்பில் மின்சாரம் அளந்து காட்டிய என் பழைய மீட்டரை எடுத்து, இன்ஜின் ஓடும்போது ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய எண் நிற்காமல் ஆடியது. ஸ்டெப்னி டயரைத் தூக்கினோம். அதற்கடியில்தான் இருந்தது நீ போட்ட எர்த். பெயின்டைச் சுரண்டாமல், பெயின்டு மேலேயே, கையில் கிடைத்த ஒரு போல்ட்டில் ஒயரைச் சுற்றி முடுக்கியிருந்தாய். இந்த ஊர்க் கடல் காற்றில் ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தடவை உரிகிறது. பெயின்டு சுரண்டாத போல்ட் எத்தனை நாள் தாங்கும்? மழையும் உப்பும் இறங்கி, பழுப்பாகப் பூத்துப்போய் இருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

எர்த் என்றால் என்ன என்று உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். போன மின்சாரம் திரும்பி வர ஒரு வழி. அந்த வழியை ஒழுங்காகப் போடாவிட்டால் மின்சாரம் நின்றுவிடாது. கிடைத்த சந்தில் நுழைந்து வரும். பாட்டு ஒயர் வழியாக வந்தது, கூடவே இன்ஜினின் முனகலையும் இழுத்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். போதாததற்குப் பாட்டு ஒயரையும் பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரையும் ஒரே பக்கமாக, ஒன்றோடொன்று கட்டிக் கொண்டுவந்திருந்தாய்.

உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தைப் பளபளவென்று தகடு தெரியும்வரை தேய்த்தோம். "உப்பு புடிச்ச துருவுக்கு உப்புத்தாளா அத்தை? ஊரே உப்பாப் போச்சு" என்று வாணி சிரித்தாள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் அப்படிச் சிரிப்பாள். புது போல்ட் போட்டு முடுக்கி, மறுபடியும் காற்று படாமல் மேலே கிரீஸ் பூசினோம். பாட்டு ஒயரைத் தனியாகப் பிரித்து மறுபக்கக் கதவோரமாகக் கொண்டுவந்தோம். இன்ஜினைப் போட்டோம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றுமில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தாள். ஒன்றுமே இல்லை.

அந்த நேரத்தில்தான் உன் மாமனார் கையில் பையோடு தெருவில் வந்தார். அனுமந்தையில் வலையில் இறால் பட்டிருக்கிறதாம், மகளுக்குக் கொண்டுவந்தார். வாணி கண்ணாடியை இறக்கி, "அப்பா, சத்தம் போயிடுச்சு! வந்து கேளுங்க" என்று கத்தினாள். அவர் ஜன்னலில் கை ஊன்றிக் குனிந்து கேட்டார். "வண்டி மேல தப்பில்லியாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "வண்டி மேல ஒரு தப்பும் இல்லைங்க சம்பந்தி. ஒயர மாட்டினதுல தப்பு" என்றேன். யார் மாட்டினது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காமல் இருப்பது அவருடைய மரியாதை.

"அவருக்குச் சொல்லிடறேன்" என்று வாணி உனக்குப் போன் போட்டாள். அவள் போன் கார் செட்டோடு சேர்ந்திருந்தது. உன் குரல் நான்கு மூலையிலிருந்தும் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல.

"ஏங்க, சத்தம் போயிடுச்சு! நானும் அத்தையும் சேந்து..."

"எந்தச் சத்தம்?"

"கார் செட்டுங்க. எர்த்துலதான்..."

"இதுக்கா ஆபீஸ் டைம்ல போன் பண்ண? அதுல கைய வெக்கச் சொன்னது யாரு? எங்கம்மாக்கு ரிட்டையர் ஆயி வேற வேல இல்ல, நீயும் கூட சேந்துக்கினியா?"

"இல்லங்க, ஒரு நிமிஷம், இங்க..."

"சத்தம் போனா மட்டும்? உங்கப்பன் குடுத்த லட்சணம் அவ்ளோதான். உப்பு வார்றவன் வூட்டுல பொண்ணு எடுத்தா வேற இன்னா வரும்? துருப் புடிச்சதுதான் வரும்."

வாணி போனை அணைக்கத் தடவினாள். கிரீஸ் படிந்த விரலுக்குப் போன் திரை நகரவில்லை. அவள் அப்பா ஜன்னல் வழியாக அவள் கையைத் தொட்டு, "உடும்மா. பேசட்டும்" என்றார். நீ பேசினாய். கடைசியில் "உபயம் மாமனார்னு பெயின்டு அடிச்சி வையி" என்று சிரித்துவிட்டு நீயே வைத்தாய். அந்த இரைச்சல் இருந்திருந்தால் பாதி கேட்காமல் போயிருக்கும். அன்றைக்குக் காலையில்தான் நான் என் கையால் அதைத் துடைத்து எடுத்திருந்தேன். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

அவர் பையை என்னிடம் நீட்டினார். "ஃபிரிட்ஜ்ல வெச்சிடுங்கம்மா, வெயில்ல கெட்டுடும்" என்றார். வாணி உள்ளே போய் ஒரு பையில் துணிகளை எடுத்து வந்தாள். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காரைத் திருப்பினாள். என்னைப் பார்த்து "போறேன் அத்தை" என்றாள்.

பிரபு, கடைக்குப் போனால்கூட "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவள் அவள். அன்று "போறேன்" என்று மட்டும் சொன்னாள். நான் காதில் விழுந்த சொல்லை எண்ணிப் பார்க்கிற பழக்கமுள்ளவள். வாசலிலேயே நின்றேன்.

சனிக்கிழமை நீ வந்ததும் நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்து உட்காருவாய் என்று நினைத்தேன். நீ கேட்டது, "ஸ்பீக்கர்ல இருக்குன்னு அவ சொல்லியிருக்கணுமா இல்லியா?" சொன்னது தவறா என்று நீ யோசிக்கவே இல்லை; கேட்டுவிட்டார்களே என்பதுதான் உன் கவலை. சத்தம் எங்கே நுழைகிறது என்று பார்க்காமல் ஸ்பீக்கரைக் குறை சொல்கிற கடைக்காரனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது மூன்று தடவை மூன்று காரணம் சொன்னான். நீ ஒரே காரணத்தையே சொல்கிறாய்: உங்கப்பா குடுத்த வண்டி.

உப்பு வாருகிறவர் என்றாய். வாருகிறார். வெயிலில் கண் கூசக் கூச நின்று வாருகிறார். அந்த உப்பு போட்ட குழம்பை இந்த வீட்டில் நீ குறை சொல்லாமல்தான் சாப்பிட்டாய். அந்தப் போல்ட் துருப்பிடித்ததற்குக் காரணம் அவர் உப்பு இல்லை. நீ பெயின்டைச் சுரண்டாததுதான். உனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பெயின்டு இருக்கிறது: படிப்பு, கம்பெனி, சென்னை. அதன் மேலேயே முடுக்கிவிட்டு, பிடித்துக்கொண்டது என்று நினைத்துவிட்டாய். பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். அடியில் ஒன்றும் தொடவில்லை.

அதனால் நீ கேட்டதற்குப் பதில்: நான் அவளைக் கூப்பிடப் போக மாட்டேன். நான் சொன்னால் அவள் கேட்பாள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் போக மாட்டேன். என் முகத்துக்காக அவள் திரும்பி வந்து, உன் வேடிக்கையை இன்னும் பல வருஷம் கேட்டுக்கொண்டிருக்க நான் வழி செய்ய மாட்டேன். மனசு இருந்தால் நீயே போ. கார் இல்லை, பஸ்ஸில் போ. வாசலில் அவளைக் கூப்பிடாதே. பாத்திக்குப் போய், அவர் வேலை செய்கிற இடத்தில் நின்று அவரிடம் பேசு. சத்தம் என்னால் வந்தது என்று சொல். போனில் என்று பிரித்துச் சொல்லாதே, எர்த்தில் என்று பிரித்துச் சொல்லாதே. இரண்டும் ஒன்றுதான். அதற்கப்புறம் அவள் வருவாளா என்று என்னைக் கேட்காதே. அது அவள் இஷ்டம்.

நேற்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உனக்காக இல்லை. அவர் இறால் கொண்டுவந்த பை என்னிடம் இருந்தது. அதை வெறுமனே திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முறுக்கு சுட்டு எடுத்துப் போனேன். அவர் நாற்காலி போட்டார். அவரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்பும்போது வாணி, "பஸ்ஸுல போவாதீங்க அத்தை, நான் வந்து உட்டுடறேன்" என்று காரை எடுத்தாள். வழியெல்லாம் செட்டில் பாட்டு மெதுவாக ஓடியது. சுத்தமாகக் கேட்டது. உப்பு குவிந்து கிடக்கிற இடம் வந்தபோது, "எர்த் நல்லா நிக்குது அத்தை" என்றாள். "நிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவ தொறந்து பாரு" என்றேன்.

நம் வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை, அவளும் இறங்கவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, "போயிட்டு வரேன் அத்தை" என்றாள்.

அது எனக்குச் சொன்னது, பிரபு. உனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

அம்மா